ஐந்தாம் இருக்கை

பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒத்திகை வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதில் தவறு ஒன்றும் இல்லை. எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் அது தோன்றியிருக்கும்.

வட்டார வள மையத்தின் மாடியில் ஆசிரியர்கள் கூடியிருப்பார்கள். அரசு புதிதாகக் கொண்டுவந்த ஏதோ ஒரு செயலியைக் கருத்தாளர் திரையில் காட்டிக்கொண்டிருப்பார். கருத்தாளர் என்று எங்களைத்தான் சொல்வார்கள். ஆசிரியர்களுக்குக் கணினியும் இணையமும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் நாங்கள். காட்டி முடித்ததும், "புரிஞ்சுதுங்களா?" என்போம். கூடம் முழுவதும், "புரிஞ்சுது சார்" என்னும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு எதுவும் வராது. அந்தப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைய ஆசிரியர் ஒருவர் எல்லோருடைய கடவுச்சொல்லையும் வாங்கிவைத்துக்கொண்டு எல்லோருடைய வேலையையும் செய்வார். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

அதனால் 'ஒத்திகை' வந்தது. இணையத்தில் திறக்கிற ஒரு பயிற்சிக் கூடம். அதில் எட்டு இருக்கைகள், எட்டு ஆசிரியர்கள். யாரும் நிஜ மனிதர்கள் இல்லை. நாம் நாளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமோ அதை இன்றைக்கு இவர்களிடம் சொல்லிக்கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கையிலும் டேப்லெட் என்கிற கைப்பலகை இருக்கும். செய்வார்கள், தவறாகச் செய்வார்கள், கொட்டாவி விடுவார்கள், டீ எப்போது வரும் என்பார்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முடிவில் எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு மதிப்பெண் வரும். அதில் தேறாதவர் நிஜக் கூடத்துக்குப் போக முடியாது.

அது எங்கள் மையத்துக்கு வந்த வருடத்தின் சித்திரையில் என் மனைவி செண்பகவல்லி இறந்தாள். மேலத்தெரு நடுநிலைப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு யார் போன் செய்தார்கள், நான் எப்படிப் போனேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. ஒரு டீச்சர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எதிலோ கையெழுத்து வாங்கினார். அதுதான் நினைவிருக்கிறது.

விடுப்பு முடிந்ததும் வேலைக்கு வந்தேன். காலையில் கடை இட்லி. மதியம் மையத்திலேயே எதையாவது சாப்பிடுவது. பேசச் சொன்னால் பேசினேன், திரையைப் போடச் சொன்னால் போட்டேன். "தைரியமா இருக்கீங்க அண்ணாச்சி" என்று பிரிட்டோ ஒருநாள் சொன்னான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், என்னோடு வேலை பார்க்கிற இளைய கருத்தாளர். அது தைரியம் இல்லை. என்னவென்று எனக்கும் தெரியவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் ஒத்திகையைப் பிரிட்டோதான் நடத்தினான். மற்ற வட்டாரங்களிலிருந்தும் கருத்தாளர்கள் வந்திருந்தார்கள். சுவரில் பெரிதாகத் தெரிந்தது அந்தக் கூடம். பக்கத்து வட்டாரத்துக்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

"தம்பி, அஞ்சாம் நம்பர்கிட்ட மட்டும் ஜாக்கிரதை" என்றார் ஒருவர்.

"ஏன் சார், கடிச்சிருமா?"

"அந்தம்மாவைத் தாண்டிட்டேன்னா நீ கலெக்டர் ஆயிரலாம்."

ஐந்தாம் இருக்கையில் வட்ட முகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண். நீலச் சேலை. பிரிட்டோ வருகைப்பதிவுச் செயலியைச் சொல்லத் தொடங்கினான். நன்றாகத்தான் சொன்னான். மூன்று நிமிடம் போயிருக்கும். ஐந்தாம் இருக்கை கை தூக்கியது.

"சார், நான் தப்பா அமுக்கிட்டேன்னா பிள்ளைக பேரு அழிஞ்சு போயிருமா?"

"அழியாது டீச்சர்."

"அழிஞ்சுட்டா அந்தப் பிள்ளைக எங்க சார் போகும்?"

அறை சிரித்தது. பிரிட்டோவும் சிரித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து மெதுவாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை.

"கடவுச்சொல்லு மறந்துபோச்சுன்னா யாரைக் கேக்கணும் சார்? எங்க ஸ்கூல்ல பீரோ கதவுல சாக்பீஸ்ல எழுதிப் போட்டிருக்கு. போன வாரம் யாரோ துடைச்சுட்டாக."

முகம் செண்பகவல்லியுடையது இல்லை. குரல் வேறு யாருடையதோ. ஆனால் அந்த பீரோ எனக்குத் தெரியும். அதைத் துடைத்தது ஆயா என்பதும், அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அதைச் சொல்லி அவள் சிரித்ததும் எனக்குத் தெரியும். நான் எழுந்து வெளியே வரவில்லை. உட்கார்ந்திருந்தேன். டீ வந்தபோது வாங்கிக் குடித்தேன். பக்கத்திலிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என் தொடையில் தட்டி, "இப்பிடி ஒரு ஆளு எல்லா ஹால்லயும் இருக்கும் சார்" என்றார். "ஆமா" என்றேன்.

அதன்பிறகு அவள் எங்கள் மையத்தின் வேடிக்கையானாள். யாராவது ஒன்றை இரண்டு முறை கேட்டால், "நீ என்ன அஞ்சாம் நம்பரா?" என்றார்கள். அவள் கேட்ட கேள்விகளைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து குழுக்களில் அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக இருந்தன.

மென்பொருளைச் செய்த சென்னை நிறுவனத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் வந்தாள். அடுத்த பதிப்புக்காக எங்களிடம் குறை நிறை கேட்க வந்திருந்தாள். நல்ல பெண். யாரிடம் பேசினாலும் குறிப்பெடுத்துக்கொண்டே பேசினாள். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு நான் கேட்டேன்.

"இந்த எட்டுப் பேரும் நிஜ ஆளுகளாம்மா?"

"நிஜம்னு சொல்ல முடியாது சார். பழைய பயிற்சிகளையெல்லாம் கேமராவுல பதிவு பண்ணியிருந்தாங்க இல்லையா, அதுலேர்ந்து செஞ்சது. ஏழு பேர் கலவை. பத்து இருபது பேரை ஒண்ணா அரைச்சு ஒரு ஆள். சாம்பார் பொடி மாதிரி."

"அஞ்சு?"

"அஞ்சு மட்டும் ஒரே ஆள் சார். அவ்வளவு கேள்வி கேட்டவங்க மொத்தப் பதிவுலயும் வேற யாருமே இல்ல. கலக்க ஆள் கிடைக்கல." சிரித்தாள். "நீங்களும் அவங்களைப் பத்திப் புகார் சொல்லப் போறீங்களா?"

"அது என் வீட்டுக்காரி."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "எங்ககிட்ட பேர் கிடையாது சார். பேர், முகம், குரல் எல்லாத்தையும் முதல்லயே எடுத்துருவோம்."

"தெரியுதும்மா. கேள்வியை எடுக்கலையே."

"மேடம் இப்போ எங்க..."

"போன சித்திரையில தவறிட்டா."

அவள் தன் கைப்பலகையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் அட்டை இருந்தது. ஐந்தில், 'கற்கும் வேகம்: மிகக் குறைவு. நினைவாற்றல்: மிகக் குறைவு. பயிற்சியாளருக்குக் கடினம்: மிக அதிகம்' என்று போட்டிருந்தது. காட்டிய பிறகுதான் காட்டியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்க ஒரு மெயில் போட்டா போதும் சார். குடும்பத்துல ஒருத்தர் சொன்னாலே எடுத்துருவோம். அதுதான் எங்க விதி. மாசக் கடைசியில புதுப் பதிப்பு வருது, அதுல அவங்க வராம நான் பாத்துக்கறேன்."

"எடுத்துட்டா?"

"முழுசா போயிடும். திரும்பக் கொண்டுவர முடியாது."

அன்று மாலை ஓசூரில் இருக்கிற மகள் பூரணியிடம் போனில் சொன்னேன்.

"அம்மாவைப் பாத்து சிரிக்காங்களா?"

"ஆமா."

"நீங்களும் அங்கயேதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எடுத்துருங்கப்பா. இன்னும் என்ன யோசனை? அவ செத்தும் அவளை உக்காரவச்சுக் கேலி பண்ணணுமா?"

எடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மின்னஞ்சலைக்கூட எழுதிவைத்தேன். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை அவளோடு தனியாக உட்கார வேண்டும் என்று இருந்தது. அழ வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவளைக் கேள்வி கேட்க விட்டு, யாரும் சிரிக்காமல் ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம். மையத்தில் யாரும் இல்லை. ஒத்திகையில் வேண்டாத இருக்கைகளைக் காலி செய்ய வழி இருந்தது. மற்ற ஏழையும் காலி செய்தேன். பெரிய கூடத்தில் நீலச் சேலை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"வணக்கம் டீச்சர்."

"வணக்கம் சார்."

"இன்னைக்கு நீங்க மட்டும்தான்."

"சரி சார்."

வருகைப்பதிவையே சொன்னேன். அவள் கைப்பலகையில் செய்வது என் திரையின் ஓரத்தில் தெரியும். நான் சொல்லச் சொல்லச் செய்தாள். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் விரல் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது.

"முடிச்சிட்டேன் சார்."

கை தூக்கவில்லை. மதிப்பெண் பதிவைச் சொன்னேன். அதையும் முடித்தாள். பாடக்குறிப்பு எழுதித் தருகிற செயலியைச் சொன்னேன். வேண்டுமென்றே நடுவில் ஒரு படியை விட்டுவிட்டேன். அந்தப் படியை அவளே செய்துகொண்டு மேலே போனாள்.

"எதாவது கேக்கணுமா டீச்சர்?"

"இல்ல சார்."

"தப்பா அமுக்கிட்டா பிள்ளைக பேரு அழிஞ்சு போயிருமான்னு கேக்கலையே?"

"பழையபடி கொண்டுவாறதுக்குத்தான் பொத்தான் இருக்கே சார்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்தது என்ன என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் அவள் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேஸ் பதிவது, கரண்ட் பில் கட்டுவது, பூரணிக்கு ரயில் டிக்கெட் போடுவது, எல்லாம் அவள்தான், அவள் போனில்தான். எனக்கு நேரமில்லை என்பதால் அவள் செய்கிறாள் என்று இருந்தேன். அந்தச் செண்பகவல்லியையும் கூடத்தில் கை தூக்குகிற செண்பகவல்லியையும் நான் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

காலி செய்த இருக்கைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நிரப்பினேன். எட்டாம் இருக்கை எல்லாம் தெரிந்த இளைஞன். அவனோடு உட்காரவைத்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் இருக்கை தூங்குமூஞ்சி. அவரோடும் கேட்கவில்லை. இரண்டாம் இருக்கையை நிரப்பினேன். வெள்ளைச் சட்டை போட்ட வயதான தலைமையாசிரியர். வாயே திறக்காதவர். நான் சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் அவருடைய விரல் கைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை, தலையைக்கூட ஆட்டினார். விரல் மட்டும் இறங்கவில்லை.

"சார்" என்று ஐந்தாம் இருக்கை கை தூக்கியது. "தப்பா அமுக்கிட்டேன்னா பிள்ளைக பேரு அழிஞ்சு போயிருமா?"

அவள் கைப்பலகையைப் பார்த்தேன். அந்த வேலையை அவள் எப்போதோ முடித்திருந்தாள்.

திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தேன். வேறு செயலிகளை வைத்தும் பார்த்தேன். யாருடைய விரலாவது நின்றால் கொஞ்ச நேரத்தில் அவள் கை எழுந்தது. எங்கே நின்றதோ அங்கேயிருந்துதான் கேள்வி வந்தது. நான் பதில் சொன்னதும் அந்த விரல் இறங்கியது.

திங்கட்கிழமை சுப்புராஜ் சார் மையத்துக்கு வந்தார். மேலத்தெருப் பள்ளியின் தலைமையாசிரியர். பதினைந்து வருடம் செண்பகவல்லி அவரிடம்தான் வேலை பார்த்தாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவரிடம் போய், சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சார், பயிற்சியில நம்ம வீட்ல அத்தனை கேள்வி கேப்பாளே. அவளுக்கு நிஜமாவே தெரியாதா?"

அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். "நான் உங்களுக்குத் தெரியும்னுல்லா இருந்தேன்."

"சொல்லுங்க."

"நான் கேட்டேன்னா, ஹெட்மாஸ்டருக்கே வரலன்னு ஆயிரும். சாயங்காலத்துக்குள்ள குழுவுல வந்துரும். டீச்சர் கேட்டா சிரிச்சிட்டு திரும்பச் சொல்லுவீங்க. நான் குனிஞ்சு எழுதிக்கிடுவேன்." சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "நான் ஒருநாளும் கேக்கச் சொன்னதில்ல சார். டீச்சரே பாத்துக்கிடுவாக. எனக்கு மட்டுமில்ல. கீழ்ப்பட்டி மேரி டீச்சருக்கு, அந்த டிராயிங் வாத்தியாருக்கு, யாருக்கு நின்னாலும்."

"நான் எடுத்த பயிற்சியிலயுமா?"

"உங்க பயிற்சியிலதான் ஜாஸ்தி. நீங்க வேகமாப் போவீக." லேசாகச் சிரித்தார். "ஒருதரம் நீங்க, 'டீச்சர், உங்களுக்கு வீட்ல போய்த் தனியாச் சொல்லித் தாரேன், இப்ப விடுங்க'ன்னு சொன்னீக. ஹாலே சிரிச்சிது. டீச்சரும் சிரிச்சாக. சிரிச்சிட்டு மறுபடி கையைத் தூக்குனாக."

அது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

அட்டையில் இருக்கிற மூன்று வரியை மாற்றச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளை எடுக்கவும் வேண்டாம், மந்தம் என்று வைக்கவும் வேண்டாம். அவள் என்ன செய்தாள் என்று எழுதிவிட்டால் போதும். அதற்காக நஸ்ரினை அழைக்கலாம் என்று இருந்தபோது அவளே அழைத்தாள். வீடியோவில் வந்தாள். பரபரப்பாக இருந்தாள்.

"சார், சனிக்கிழமை நீங்க தனியா உக்காந்து பண்ணினது எங்களுக்குப் பதிவாகியிருக்கு. தப்பா நெனைக்காதீங்க, எல்லாமே தானா பதிவாகும். மேடம் தனியா இருக்கும்போது ஒரு கேள்விகூட வரல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"ரெண்டாம் இருக்கை வந்ததும் வருது. நாங்க இத்தனை நாளா அவங்க எத்தனை கேள்வி கேக்கறாங்கன்னு மட்டும்தான் எண்ணினோம் சார். கேக்கறதுக்கு முன்னாடி யாரைப் பாக்கறாங்கன்னு பாக்கவே இல்ல. எனக்கு ஒரு சந்தேகம். அவங்க மத்தவங்களுக்காகக் கேக்கறாங்களோன்னு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அப்படி மட்டும் இருந்தா இது ரொம்பப் பெரிய விஷயம் சார். யோசிச்சுப் பாருங்க. 'புரிஞ்சுது'ன்னு சொல்றவங்கள்ல யாருக்கு நிஜமா புரியலன்னு இதுவரைக்கும் ஒரு மென்பொருளாலயும் கண்டுபிடிக்க முடியல. மேடம் கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க பாக்கறதை மட்டும் பிரிச்சு எடுத்து நிஜ ஹால் கேமராவுல வச்சுட்டா, உக்காந்திருக்கிற அத்தனை பேர்லயும் யாருக்கு வரலன்னு அந்த நிமிஷமே திரையில வந்துரும். பேரோட."

"வந்தா?"

"துறைக்கு அனுப்பலாம். அவங்களுக்குத் தனியா பயிற்சி கொடுப்பாங்க. நல்லதுதானே சார்? மேடம் பேரையே அதுக்கு வைக்கலாம். நான் பேசறேன்."

அவள் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. அவள் சென்னையில் இருக்கிறாள். வேலை முடிக்காத பள்ளிகளின் பெயர் குழுவில் சிவப்பு எழுத்தில் வரும்போது எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. சுப்புராஜ் சார் பெயர் வரும். மேரி டீச்சர் பெயர் வரும். தனிப்பயிற்சிக்கு அவர்கள் போய் உட்காருகிற அறையின் வாசலில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். செண்பகவல்லியின் பெயரை வைத்த ஒன்று அவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டிக் காட்டும்.

"ஆனா இது வெறும் என் ஊகம் சார்" என்றாள் நஸ்ரின். "கோளாறாவும் இருக்கலாம். தனியா உக்காரவச்சுப் பாக்க நாங்க அவங்களைச் செய்யவே இல்ல, அதனால வேலை செய்யாம போயிருக்கலாம். எங்க குழுவுல அப்படித்தான் சொல்றாங்க. அவங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னா நான் தைரியமா எடுத்துட்டுப் போவேன். நீங்கதான் சொல்லணும். மேடத்துக்கு நிஜத்துல கம்ப்யூட்டர் தெரியுமா?"

நான் எழுதி அனுப்பாமல் வைத்த மின்னஞ்சலில் பூரணி கேட்டது ஒருபக்கம் இருந்தது. அட்டையில் அந்த மூன்று வரி ஒருபக்கம் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அந்த வரிகள் போய்விடும். எந்தக் குழுவிலும் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

"கொஞ்சம்கூடவா?"

"அவளுக்கு வரவே வராது. வீட்லயும் அப்படித்தான். போன்ல ஒரு பில்லு கட்டத் தெரியாது. எத்தனை தரம் சொன்னாலும் மறந்துருவா. நான்தான் எல்லாம் செய்யணும்."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப கோளாறுதான் போல."

"அப்படித்தான் இருக்கும்."

"சரி சார். தனியா இருந்தாலும் கேள்வி வர்ற மாதிரி சரி பண்ணிடச் சொல்றேன். எடுக்கறதைப் பத்தி என்ன முடிவு பண்ணினீங்க?"

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமா சார்?"

"ஆமா. இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அந்தத் திரை மூடிய பிறகு ஒத்திகைக்குள் போய் ஐந்தாம் இருக்கையின் அட்டையைத் திறந்து பார்த்தேன். 'நினைவாற்றல்: மிகக் குறைவு' என்பதற்குக் கீழே, 'குடும்பத்தினரால் உறுதி செய்யப்பட்டது' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

பூரணிக்கு விஷயத்தை விளக்க முயன்றேன். போனில் சொல்லக்கூடாத விஷயம் என்று ஒரு பயம் எனக்கு, எது எங்கே பதிவாகும் என்று தெரியாதே. அதனால் ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை. "நேர்ல வரும்போது சொல்றேன்" என்றேன். "நீங்க அப்பவும் அம்மாவை விட்டுக்கொடுத்தீங்க, இப்பவும் விட்டுக்கொடுக்கீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பொங்கலுக்கு வரவில்லை.

புதிய பதிப்பு வந்தது. அவர்கள் சொன்னபடி சரி செய்திருந்தார்கள். ஒருநாள் மதியம் ஏழு இருக்கையையும் காலி செய்துவிட்டு அவளை உட்காரவைத்தேன். வணக்கம் சொன்னேன். சொல்லித் தொடங்கியதுமே கை தூக்கினாள். அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கைப்பலகையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. யாரும் இல்லாத அறையில், தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. மூடிவிட்டேன். பிறகு தனியாகத் திறக்கவில்லை. 'பழையபடி கொண்டுவாறதுக்குப் பொத்தான் இருக்கே' என்று சொன்னவள் அந்தச் சனிக்கிழமையோடு போய்விட்டாள். அவளை அனுப்பியது நான்தான். அது எனக்குத் தெரிந்துதான் நடந்தது.

கூட்டமாக இருக்கும்போது ஒன்றும் மாறவில்லை. அதைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன்னால் மறுபடி ஒத்திகை. இந்தத் தடவை வினாத்தாள் தயாரிக்கிற புதுச் செயலி. பிரிட்டோதான் நடத்தினான். வெளி வட்டாரங்களிலிருந்து புதிதாகக் கருத்தாளராகச் சேர்ந்தவர்கள் வந்திருந்தார்கள். பிரிட்டோ அவர்களிடம், "அஞ்சாம் நம்பரைப் பாத்துக்கிடுங்க, அவகதான் நம்ம குலதெய்வம்" என்றான். எட்டு இருக்கையும் நிரம்பியிருந்தது. அவன் வேகமாகப் போனான். இளம் வயது, வேகமாகத்தான் போவான். மூன்றாவது படியில் நான் சுவரின் இடது ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரரின் விரல் நின்றது.

"சார்" என்றது ஐந்தாம் இருக்கை.

"வந்துட்டாகய்யா. சொல்லுங்க டீச்சர்."

"இந்த மிசினு கேள்வித்தாள் எடுத்துக் குடுக்குதே, விடை தெரியாத கேள்வியா எடுத்துருச்சுன்னா பிள்ளைக எங்கிட்டல்லா சார் கேக்கும்? நான் யாரைக் கேக்க?"

புதிதாக வந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் பதிவு செய்தார். என் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ பாவம், யாரு பெத்த பிள்ளையோ சார்" என்றாள். பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி டீச்சர், உங்களுக்காக முதல்லருந்து வாரேன்" என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.

எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

இரண்டாம் இருக்கையை யாரும் பார்க்கவில்லை. அவர் குனிந்து செய்துகொண்டிருந்தார்.